பொய் வராத வாய்

பொய் சொல்லத் தெரியாத மனிதருக்குப் பக்கத்து வீட்டில் நீங்கள் குடியிருந்ததுண்டா? நான் இருந்தேன். மலாக்காவில், காஜா பெராங்கில், ஆறு வருஷம். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்புயர மூங்கில் வேலி ஒன்றுதான். அப்படிக் குடியிருப்பதைப் போன்ற தொல்லை இன்னொன்று கிடையாது.

என் மூத்த மகன் பிறந்தபோது தெருவே வந்து பார்த்து, "ராசா மாதிரி இருக்கான்" என்றது. அவரும் வேலை முடிந்து வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "தலை ஒரு பக்கம் சப்பையா இருக்கு தங்கச்சி. ஒரே பக்கமா படுக்கப் போடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் இரண்டு நாள் அழுதேன். மூன்றாம் நாளிலிருந்து பிள்ளையைத் திருப்பித் திருப்பிப் படுக்கவைத்தேன். தலை சரியாகிவிட்டது. அது வேறு விஷயம். அவரும் ராசா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அல்லவா?

மீன் குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணம் சுத்தமாகக் கழுவித் திரும்பி வரும். கூடவே, "புளி கூடிப்போச்சு, பாதிய பூனைக்கு வச்சிட்டேன்" என்ற சேதியும் வரும்.

தெருக்கோடித் தையற்காரர் மகனுக்குப் பெண் கொடுப்பதற்காகப் புக்கிட் பாருவிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். வந்தவர்கள் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். நாங்கள் எல்லாரும் தங்கமான பையன் என்று சொல்லிவைத்தோம். இவரிடமும் கேட்டார்கள். "நல்ல உழைப்பாளி. சம்பளத்தன்னிக்கி மட்டும் கள்ளுக்கடையிலேருந்து ரெண்டு பேரு தூக்கிட்டு வரணும்" என்றார். கல்யாணம் நின்றது. தையற்காரர் வந்து வேலியருகே நின்றுகொண்டு வாய்க்கு வந்தபடி ஏசினார். இவர் முகத்தைப் பார்த்தேன். மெய்யாகவே ஒன்றும் புரியாத முகம். "கேட்டாங்க, சொன்னேன்" என்றார்.

அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெருமைக்காக உண்மை பேசுகிறவர்களைச் சமாளித்துவிடலாம். கொஞ்சம் புகழ்ந்தால் போதும், அடங்கிவிடுவார்கள். இவருக்குத் தும்மல் வருகிற மாதிரி உண்மை வந்துவிடும். பெண்டாட்டி கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில் தன் குறைகளையெல்லாம் தானே சொல்லி முடித்திருப்பார் என்று தெருவில் சிரிப்பார்கள்.

எதிர்வீட்டில் ஒரு செட்டி அம்மா இருந்தார். மலாக்காச் செட்டி வம்சம். கட்டுவது சாரோங்கும் கெபாயாவும், கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். தமிழில் நாலு வார்த்தைதான் வரும். அவர்தான் இவரைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். "தியா தாக் தாவு போஹோங்" என்பார். அவருக்குப் பொய் தெரியாது என்று அர்த்தம். ஒருவருக்கு நீச்சல் தெரியாது, சைக்கிள் விடத் தெரியாது என்று சொல்வோமே, அந்த மாதிரிதான் சொல்வார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் குதிரைக்காரர். பண்டார் ஹிலிரில் கடலைப் பார்த்த பங்களாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் லாயத்தில் வேலை. குட்டையான ஆள், வில்லாக வளைந்த கால்கள். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளித்தாலும் அவரிடம் கொள்ளும் குதிரை வியர்வையும் மணக்கும். துரை வைத்திருந்த பந்தயக் குதிரை ஒரு பெண் குதிரை. அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் இருந்தது. இவர் வாயில் அது செவலை. விடிவதற்கு முன்பே போய், அதைக் கடலுக்குள் நடத்தி முழங்கால் ஆழத்தில் நிறுத்திவைப்பார். உப்புத்தண்ணீர் குதிரைக் காலுக்கு நல்லதாம். அதனோடு தமிழில் பேசிக்கொண்டே நிற்பார் என்று மீன்காரர்கள் சொல்வார்கள். அதனிடமும் பொய் பேசியிருக்க மாட்டார்.

வருஷத்தில் சில தடவை ஊருக்கு வெளியே திடலில் குதிரைப் பந்தயம் நடக்கும். அதற்கு முந்தின வாரம் முழுக்க அவர் வீட்டு வாசலில் செருப்பாகக் கிடக்கும். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிகள், கடைக்காரர்கள், கை ரிக்சா இழுக்கிறவர்கள், எல்லாரும் சிகரெட் டின்னும் வெற்றிலையுமாக வந்து குந்திக்கொண்டு, "செவலை எப்படிண்ணே?" என்று கேட்பார்கள். கொண்டுவந்ததை அவர் தொட மாட்டார். ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்வார். வரும் என்றால் வந்தது. "மழை பேஞ்சா வராது" என்று ஒருமுறை சொன்னார். மழை பெய்தது, வரவில்லை. என் கணவருக்கு அவர் மேல் அப்போதெல்லாம் அப்படி ஒரு பக்தி. என் கணவர் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் கிராணி. பந்தயம் என்றால் சோறு வேண்டாம் அவருக்கு.

அந்தப் பந்தய நாளைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அன்று விடியும்போது நான் கிணற்றடியில் இருந்தேன். மூன்று நாளாக வீட்டுக்கே வராதவர் வேலியைத் திறந்துகொண்டு வந்தார். கண்கள் சிவந்து கிடந்தன.

"என்னண்ணே, செவலை எப்படி இருக்கு?" என்றேன்.

"இடது முன்னங்கால் சுடுது தங்கச்சி. நரம்பு வீங்கியிருக்கு. மூணு நாளா கடல் தண்ணியில நிறுத்திப் பார்த்துட்டேன், கேக்கல. இன்னிக்கி ஓடுனா ஒடிஞ்சிரும்."

"துரைக்குத் தெரியுமா?"

"நேத்தும் சொன்னேன். இப்பவும் சொல்லிட்டுத்தான் வரேன். அவரு கையப் புடிச்சி அந்த எடத்துல வச்சேன். நீ குதிரைக்காரன், டாக்டர் இல்லன்னாரு. சிங்கப்பூர்லேருந்து கூட்டாளிங்க வந்திருக்காங்களாம். எல்லாரும் செவலை மேலதான் பணம் கட்டப் போறாங்களாம்."

"அப்ப நீங்க போவாதீங்கண்ணே."

"நா போகலன்னா வேற ஆளு அதப் புடிச்சிட்டு வருவான். பழக்கமில்லாத கை. அதுக்குப் பயமாயிரும்." உள்ளே போய்த் துவைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். போகும்போது, "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, இன்னிக்கி பணம் கட்ட வேணாம்னு" என்றார்.

சொன்னேன். என் கணவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அட மண்டு, இது புரியலையா ஒனக்கு? துரை சொல்லிக்கொடுத்துப் பேசுறான். கால் சரியில்லன்னு ஊரெல்லாம் பரப்பிவிட்டா, பயந்துபோய் எல்லாரும் வேற குதிரை மேல கட்டுவானுங்க. செவலை மேல கட்டுறவன் கொறஞ்சா, ஜெயிக்கிறப்ப பங்கு கூட வரும். துரையும் அவன் கூட்டாளிங்களும் அள்ளிட்டுப் போவானுங்க."

"அவரு பொய் சொல்ல மாட்டாருங்க."

"சம்பளம் கொடுக்கிறவன் சொல்லச் சொன்னா எல்லாரும் சொல்லுவான்லா" என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார். எங்கள் அப்பா கல்யாணத்துக்குப் போட்ட இரண்டு வளையல்கள் இருந்தன. "சாயங்காலம் நாலா திரும்பி வரும்" என்றார்.

இந்த இடத்தில் என்மேல்தான் எனக்குக் கோபம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது மெய் என்று எனக்குத் தெரியும். சூரியன் உதித்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி தெரியும். ஆனாலும் நாலு வளையல் என்று என் கணவர் சொன்னவுடன் அந்த நாலையும் என் கையில் நான் பார்த்துவிட்டேன். சோப்புப் போட்டுக் கழற்றிக் கொடுத்தேன்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திடலுக்கு நானும் போனேன். எதிர்வீட்டு அம்மாவும் வந்திருந்தார். வெள்ளைக்காரர்கள் கொட்டகைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்களெல்லாம் கயிற்றுக்கு இந்தப் பக்கம், வெயிலில். பந்தயத்துக்கு முன்னால் குதிரைகளை ஒரு வட்டமாக நடத்திக் காட்டுவார்கள். இவர் செவலையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார்.

"அண்ணே! எப்படி இருக்கு?" என்று கயிற்றோரத்திலிருந்து ஒருவன் கத்தினான்.

"கால் சரியில்ல. கட்டாதீங்க" என்று இவரும் உரக்கச் சொன்னார்.

"ஆஹா, நல்லா நடிக்கிறாருலா!" என்றான் அவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாலடி தள்ளி இன்னொருவன் கேட்டான். அவனுக்கும் அதையே சொன்னார். அவர் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, பத்துப் பத்துப் பேராகச் சீட்டு வாங்க ஓடினார்கள். கொட்டகைக்குள் துரை ஒரு வெள்ளைக்காரிக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். செவலை எங்களைக் கடந்து போனபோது இடது காலை ஊன்றுவதற்கு முன் ஒரு கணம் தயங்கியதை நானே பார்த்தேன். குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே தெரிந்தது. கையில் சீட்டு வைத்திருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

பந்தயம் தொடங்கியது. பாதித் தூரம் வரை செவலைதான் முன்னால். என் கணவர் தொப்பியைக் கழற்றி வீசி ஆடினார். வளைவு திரும்பும்போது அதன் முன்னங்கால் ஒடிந்தது. நான் நின்ற இடத்துக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் கேட்டதாகத்தான் எனக்கு நினைவு. மேலே இருந்தவன் எங்கோ போய் விழுந்தான். செவலை எழுந்திருக்கப் பார்த்து, விழுந்து, மறுபடி எழுந்திருக்கப் பார்த்தது.

அந்த வளைந்த கால்களால் ஒரு மனிதர் அவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. ஓடிப்போய்ப் புல்லில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். ஏதோ பேசினார். ஒரு வெள்ளைக்காரன் துப்பாக்கியோடு வந்து விலகச் சொன்னான். இவர் விலகாமல், உள்ளங்கையால் அதன் கண்ணை மட்டும் மூடினார். சுட்டார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கூட்டம் முதலில் சும்மாதான் நின்றது. பிறகு யாரோ ஒருவன், "கால் ஒடியும்னு இவனுக்கு முந்தியே எப்படித் தெரியும்?" என்றான். அவ்வளவுதான். வாய்க்கு வாய் அது மாறிக்கொண்டே போனது. "காலையிலேயே சொன்னான்ல, அதே மாதிரி ஒடிஞ்சிருக்கு!" "இவன்தான் என்னமோ பண்ணியிருக்கான்!" "வேற குதிரைக்காரன்கிட்ட காசு வாங்கிட்டான்!" அவர் எச்சரித்ததே அவருக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது. கயிற்றைத் தாண்டிக் குதித்தார்கள். சிகரெட் டின்னோடு அவர் வாசலில் குந்தியிருந்தவர்கள்தான் அத்தனை பேரும். தையற்காரர் போனார். என் கணவர் போனார். குடையைத் திருப்பிப் பிடித்து, அதன் வளைந்த பிடியால் அடித்தார். எங்கள் வீட்டுக் குடை.

அவர் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. "சொன்னேனே... சொன்னேனே..." என்பது மட்டும் கேட்டது. எதிர்வீட்டு அம்மா சாரோங்கை வழித்துக்கொண்டு மலாயில் கத்தியபடி அந்தக் கூட்டத்துக்குள் பாய்ந்தார். அவருக்கு என்னைவிட இருபது வயது கூட. நான் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதே இடத்தில் நின்றேன்.

துரை கொட்டகையிலிருந்து இறங்கி வந்தார். அவருடைய கூட்டாளிகளும் பணத்தை இழந்து முகம் சுருங்கி நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் துரை இங்கிலீஷில் உரக்கச் சொன்னதை என் கணவர் பிற்பாடு வீட்டில் சொன்னார்: குதிரை நேற்றுவரை நன்றாக இருந்தது, லாயத்தில் இவன் ஒருவன்தான் இருந்தான், இவனைக் கேளுங்கள். போலீஸ் மாத்தாக்கள் வந்து அடிபட்டவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடித்தவர்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். மொழிபெயர்க்கத் தமிழர் ஒருவரும் கூட வந்தார். குதிரைக்காரரையும் கொண்டுவந்திருந்தார்கள். முகம் வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. விசாரணையில், "துரைகிட்ட சொல்லிட்டேன்னு அன்னிக்கே பக்கத்து வீட்டுத் தங்கச்சிகிட்ட சொன்னேன்" என்று அவர் சொல்லியிருக்கிறார். துரை அப்படி யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று சாதித்திருக்கிறார். இப்போது நான் சொல்வதில்தான் எல்லாம் இருந்தது.

காலையிலேயே என் கணவர் என்னிடம் பேசியிருந்தார். "எங்க ஆபீஸ் துரையும் செவலையோட துரையும் ஒரே கிளப்பு. நீ வாயத் தொறந்தா நாளைக்கு எனக்கு வேலை இல்ல. பிள்ளையத் தூக்கிட்டு எங்க போவே?"

மொழிபெயர்ப்புக்காரர் வேலியருகே நின்று கேட்டார். "ஏம்மா, பந்தயத்தன்னிக்கி காலையில இந்த ஆளு ஒன்கிட்ட குதிரையப் பத்தி ஏதாச்சும் பேசினாரா? துரைகிட்ட சொல்லிட்டதா சொன்னாரா?"

பின்னால் என் கணவர் தொண்டையைச் செருமினார்.

"இல்லீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திறந்திருந்த ஒற்றைக் கண்ணில் அதே புரியாத பார்வை. பிறகு மொழிபெயர்ப்புக்காரரிடம், "அந்தத் தங்கச்சி பொய் சொல்லுதுங்க" என்றார். குழம்பில் புளி கூடிவிட்டது என்று சொல்வாரே, அதே குரல். அந்த ஆள் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஆறு மாதம் உள்ளே போட்டார்கள். அவர் வீட்டை வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. எதிர்வீட்டு அம்மா அதற்குப் பிறகு எங்கள் படி ஏறவில்லை. தீபாவளிக்கு நான் கொடுத்தனுப்பிய பலகாரத் தட்டை மூடிய துணிகூட எடுக்காமல் திருப்பி அனுப்பினார். ஒருநாள் பசாரில் நேருக்கு நேர் பார்த்தபோது, "உனக்குத் தெரியும்" என்று மலாயில் சொன்னார். வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த பந்தயத்துக்கு என் கணவர் போனார். தையற்காரர் போனார். எல்லாரும் போனார்கள். துரை புதிதாக ஒரு கறுப்புக் குதிரை வாங்கியிருந்தாராம்.

மூத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் அவரை மறுபடி பார்த்தேன். புக்கிட் பாரு போகிற சாலையில், விறகு ஏற்றிய மாட்டு வண்டி ஓரமாக நின்றது. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு கண் பாதிதான் திறந்தது. அது அந்த அடியில் போனது. தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். கால் போகவில்லை.

"அண்ணே, என்னைத் தெரியுதா?"

"தெரியாம என்ன? தடிச்சிட்டே தங்கச்சி. பெரியவன் எப்படி இருக்கான்?"

"படிக்கிறான்." அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அன்னிக்கி நா பொய் சொன்னேன் அண்ணே" என்றேன்.

"ஆமா."

"பயந்துட்டேன்."

"தெரியும். மாப்பிள்ளை பின்னாடியே நின்னாரு."

"என்னை மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்கண்ணே."

மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே கீழே பார்த்து நின்றார். மனதுக்குள் எதையோ தேடுகிறார் என்று தெரிந்தது. உதடு இரண்டு முறை அசைந்தது. நான் காத்திருந்தேன். மெய்யாகவே தேடினார்; எனக்காகத்தான் தேடினார்.

"வரல தங்கச்சி" என்றார்.

எனக்கு அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. நடுச்சாலை என்றும் பார்க்காமல் கத்தினேன். "ஒரு வார்த்தைதானேண்ணே? சொல்லிட்டா என்ன, ஒங்க வாய் வெந்தா போயிரும்? ஊர்ல எல்லாரும் சொல்றதுதானே?"

"சொல்லலாம். நீயும் நிம்மதியா வீட்டுக்குப் போவே" என்று கொஞ்சம் யோசித்தார். "ஆனா உள்ள இல்லியே."

வாளியை வண்டிக்கு அடியில் மாட்டினார். "வெயில் ஏறுது, நெழலா பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

இதை யாரிடமாவது சொன்னால் எனக்கு ஆறுதல் சொல்லப் பார்க்கிறார்கள். வாயால்தான் அப்படிச் சொல்லியிருப்பார், மனசுக்குள் எப்போதோ மன்னித்திருப்பார் என்கிறார்கள். பாவம், அவர்களுக்கு அவரைத் தெரியாது.